பூங்கா வாசல் தள்ளுவண்டியில் எது தேறும்?

சென்னையில் காலை ஆறு மணிக்குப் பெரிய பூங்கா எதன் வாசலுக்குப் போனாலும் இரண்டு மூன்று தள்ளுவண்டி நிற்கும். அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சாறு, நெல்லிக்காய்ச் சாறு, கொள்ளு சூப், முளைகட்டிய பயறு, கொண்டைக்கடலை சுண்டல், சில இடங்களில் அவித்த முட்டை. எல்லாமே 'சத்து' என்றுதான் விற்கிறது. வியர்க்க ஓடிவிட்டு வருகிறவருக்கு வேண்டியதோ மூன்றுதான்: இழந்த தண்ணீர், அதோடு போன உப்பு, தசைக்குப் புரதம். இந்தக் கணக்கைப் போட்டால் வண்டியில் பாதி தேறாது.

கூட்டம் மொய்ப்பது பச்சைச் சாறுகளில். அருகம்புல்லை அரைத்து வடிகட்டியதும் நார் சக்கையோடு போய்விடுகிறது. டம்ளரில் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர், புரதம் பேருக்குத்தான். நெல்லிக்காயில் வைட்டமின் சி ஏராளம், ஆனால் வெறும் வயிற்றில் சிலருக்கு நெஞ்சு எரியும். வாழைத்தண்டு கறுத்திருந்தால் நறுக்கி வெகுநேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். மோரில் போட்டு வைக்கத் தெரிந்த கடைக்காரரிடம் வெள்ளையாகவே இருக்கும்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம்தான்: ஆளுக்கு ஆள் மாறினாலும் லிட்டர் வியர்வைக்குச் சுமார் 1 கிராம் சோடியம், அதாவது ஏறக்குறைய அரை டீஸ்பூன் உப்பில் இருக்கிற அளவு. அதனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியவருக்கு இளநீரைவிட உப்பு போட்ட நீர்மோரே பொருத்தம். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், 300 மில்லிக்குக் கால் டீஸ்பூன் உப்பு, தட்டிய இஞ்சி, கிள்ளிப் போட்ட கறிவேப்பிலை. அரை மணி நேரம் காற்று வாங்க நடந்தவருக்கு இதெல்லாம் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். ரத்த அழுத்தம் உள்ளவர் உப்பையும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இளநீரையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

வண்டியில் உருப்படியான சரக்கு சுண்டல். வாங்குமுன் ஒரு கடலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். மசிந்தால் சரி. நடுவில் வெள்ளையாகக் கட்டி நின்றால் எட்டு மணி நேரம் ஊறாத கடலை. மதியம் வரை வயிறு உப்பும். 100 கிராம் சுண்டலில் சுமார் 8 கிராம் புரதம். முட்டை ஒன்றுக்கு 6 கிராம். சுண்டலும் இரண்டு முட்டையும் சேர்ந்தால் 20 கிராம், அறுபது எழுபது கிலோ ஆளுக்கு ஓடி முடித்த அந்த வேளைக்கு அது தாராளம். முட்டையை ஓட்டோடு வாங்கிக் கண் முன்னே உரிக்கச் சொல்லுங்கள்.

கொள்ளு சூப்பில்தான் ஏமாற்றம். கொள்ளில் புரதம் அதிகம், சந்தேகமில்லை. ஆனால் பருப்பு அண்டா அடியில் தங்கிவிட, நமக்குக் கிடைப்பது மிளகு வாசனையுள்ள வெந்நீர். 'அடியிலிருந்து கலக்கி ஊத்துங்கண்ணே' என்று கேட்டால் ஊற்றுவார்கள்.

முளைப்பயறைப் பச்சையாக வாங்க வேண்டாம். முளை விடத் தேவையான அதே ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் தோது. விரலில் வழவழப்பு ஒட்டினாலோ, புளித்த வாடை வந்தாலோ தொடவே வேண்டாம். ஆவி பறக்க வேகவைத்துத் தருகிறவரிடம் மட்டும் வாங்கலாம்.

ஓரத்தில் பாட்டிலில் கடலைமிட்டாயும் இருக்கும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிச் சரக்கு என்றால் ருசிக்குக் குறையில்லை. ஆனால் 30 கிராம் துண்டில் ஏறக்குறைய 150 கலோரி. எடை குறைக்க நடக்கிறவர் அரை மணி நேர நடையை அங்கேயே திருப்பி வாங்கிக்கொள்கிறார்.

வண்டியே இல்லாத ஊரில் பொட்டுக்கடலை மாவு கைகொடுக்கும். ஏற்கெனவே வறுத்தது, மறுபடி வறுக்க வேண்டாம். நைசாக அரைத்துச் சலித்தால் போதும். 40 கிராம் மாவும் 250 மில்லி பாலும் சேர்ந்து 16 கிராம் புரதம் தரும். முதலில் கொஞ்சம் ஆறிய பாலில் மாவைக் குழைத்துவிட்டு மீதியை ஊற்றுங்கள். கொதிக்கும் பாலில் நேரே கொட்டினால் வெளிமாவு வெந்து உள்ளே உலர்மாவு கட்டியாக நிற்கும். எவ்வளவு கலக்கினாலும் கரையாது. கலக்கியதும் குடித்துவிட வேண்டும், கால் மணி நேரம் விட்டால் கூழாகிவிடும்.