முன்னொட்டா, ஸ்கீமாவா, தனித் தரவுத்தளமா?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஜவுளிக்கடை. பினாங்கு லெபோ பாசாரில் அதற்கு ஒரு கிளை. விற்பனையும் சரக்கிருப்பும், இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பிடித்தங்களோடு சம்பளக் கணக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் ஓடும் ஒரே சர்வரில் இருக்க வேண்டும். விற்பனைக்கும் 'ரசீது' என்றொரு அட்டவணை தேவை, சம்பளத்துக்கும் தேவை. எப்படிப் பிரிப்பது?

பலரும் முதலில் எடுப்பது முன்னொட்டை, அதாவது அட்டவணைப் பெயரின் முன்னால் துறையின் பெயரை ஒட்டுவதை: 'சம்பளம்_ரசீது'. எந்தத் தரவுத்தளத்திலும் ஓடும், கற்க ஒன்றுமில்லை. ஆனால் எல்லா அட்டவணைகளும் 'பப்ளிக்' என்ற பொது ஸ்கீமாவிலேயே கிடக்கும். (ஸ்கீமா என்பது ஒரே தரவுத்தளத்துக்குள் அட்டவணைகளைப் பிரித்து வைக்கும் அறை.) காசாளர் மென்பொருளுக்கு அவசரத்தில் 'எல்லா அட்டவணைகளையும் படிக்கலாம்' என்று ஒரே வரியில் அனுமதி கொடுத்தால், முதலாளி மகனின் சம்பளமும் கல்லாவில் தெரியும். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு இடைஞ்சல்: போஸ்ட்கிரெஸில் பெயருக்கு 63 பைட்டுதான் எல்லை. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; புள்ளியும் தனிக் குறியீடு. 'சம்பளம்_' மட்டுமே 22 பைட்டைத் தின்றுவிடும். எல்லை தாண்டிய வால் ஓர் அறிவிப்போடு வெட்டப்படும்.

தனித் தரவுத்தளம் உறுதியான சுவர், மறுக்கவில்லை. சுவர் நம்மையும் தடுக்கிறதே! விற்பனைக் கமிஷனைச் சம்பளத்தோடு சேர்க்க இரண்டு அட்டவணைகளை இணைத்துப் படிக்கும் சாதாரண ஜாயின் கூடப் போட முடியாது. வெளித் தரவுத்தளத்தின் அட்டவணையை இங்கே காட்டும் ஃபாரின் டேட்டா ராப்பர் போன்ற சுற்றுவழி வேண்டும். ஓர் அட்டவணையின் பதிவு இன்னொன்றில் உண்மையில் இருப்பதை உறுதிசெய்யும் ஃபாரின் கீயை மறந்துவிடலாம். (மைஎஸ்க்யூஎல் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருளை வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள், அங்கே ஸ்கீமாவும் தரவுத்தளமும் ஒன்றே.)

என் ஓட்டு ஸ்கீமாவுக்கு. 'விற்பனை.ரசீது', 'சம்பளம்.ரசீது' என இரண்டும் ஒரே தரவுத்தளத்தில் இருக்கும். ஜாயினும் ஃபாரின் கீயும் தடையின்றிப் போகும். சம்பள ஸ்கீமாவுக்குள் நுழைவதற்கான 'யூசேஜ்' உரிமை தராவிட்டால், உள்ளே அட்டவணைக்குத் தவறுதலாக அனுமதி கொடுத்திருந்தாலும் காசாளரால் நுழைய முடியாது. அந்த ஸ்கீமாவை மட்டும் பேக்கப் எடுக்கவும் வழி உண்டு.

வில்லங்கம் 'சர்ச் பாத்'தில், அதாவது எந்தெந்த ஸ்கீமாவில் தேட வேண்டும் என்ற வரிசையில். ஸ்கீமா பெயர் இல்லாமல் 'ரசீது' என்று எழுதினால், அந்த வரிசையில் முதலில் அகப்படுவதே எடுக்கப்படும். சர்வர் இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் மென்பொருளை டிரான்சாக்‌ஷன் முறையில் (ஒரு பரிவர்த்தனை முடிந்ததும் இணைப்பு கைமாறும்) வைத்து, 'செட்' கட்டளையால் பாதையை மாற்றினால், அதே இணைப்பை அடுத்துப் பெறுபவருக்கும் அது ஒட்டிக்கொண்டு போகும். முழுப் பெயரை எழுதிப் பழகுங்கள். 'பப்ளிக்'கில் யார் வேண்டுமானாலும் அட்டவணை உருவாக்கலாம் என்ற பழைய வழக்கத்தை 2022இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15ஆம் பதிப்புதான் நிறுத்தியது; அதற்கு முந்தைய சர்வர் என்றால் அந்த உரிமையை நீங்களே பறித்துவிடுங்கள்.

இதே மென்பொருளை நூற்றுக்கணக்கான கடைகளுக்கு விற்பவர் கடைக்கொரு ஸ்கீமா வைப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஒரு நெடுவரிசை கூட்ட வேண்டுமென்றாலும் ஒவ்வொன்றிலும் ஓட்டியாக வேண்டும். அங்கே கடை எண்ணுக்கு ஒரு நெடுவரிசை வைத்து, போஸ்ட்கிரெஸ் 9.5ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கும் வரிசைவாரிப் பாதுகாப்பை (யாருக்கு எந்த வரிசைகள் தெரியலாம் என்ற விதியை) போடுவதே சரி.