தனிப்பணிக் காப்பீடா, ஆண்டுக் காப்பீடா?

கட்டுமான ஒப்பந்ததாரர்களுக்கான அனைத்து இடர் காப்பீட்டை, அதாவது கட்டிக்கொண்டிருக்கும் வேலைக்கு ஏற்படும் சேதத்தை ஈடுசெய்யும் காப்பீட்டை, ஒரு குறிப்பிட்ட பணிக்கு மட்டும் எடுக்கலாம். ஓராண்டின் பணிகள் அனைத்துக்கும் சேர்த்தும் எடுக்கலாம்.

தனிப்பணிக் காப்பீடு அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு, மண்ணின் தன்மை, அடித்தளத்தின் ஆழம், பணிக்காலம் ஆகியவற்றைப் பார்த்தே எழுதப்படுவதால், கட்டட உரிமையாளரையும் துணை ஒப்பந்ததாரர்களையும் அதில் சேர்ப்பதும், ஒப்படைத்த பிறகான பராமரிப்புக் காலத்தை உள்ளடக்குவதும் எளிது. அதன் பலவீனம் காலக்கெடுதான். மழையாலோ பணம் வந்து சேராததாலோ வேலை இழுத்துக்கொண்டே போகும்போது, கெடு முடியும் முன்பே நீட்டிப்புப் பெறாவிட்டால், கட்டடம் ஏறக்குறைய முழு மதிப்பை எட்டிவிட்ட கடைசி மாதங்களில் பாதுகாப்பு இல்லாமல் போய்விடும். இதுவே என்னை மிகவும் கவலைப்படுத்தும் இடைவெளி.

ஆண்டுக் காப்பீட்டில் பிரீமியம் உத்தேச வருவாயின்மீது கணக்கிடப்பட்டு, ஆண்டிறுதியில் உண்மைக் கணக்குப்படி சரிசெய்யப்படுவது வழக்கம். பழுதுபார்ப்பு, சிறு வீடுகள் எனப் பல வேலைகளைச் செய்பவருக்கு இதுவே பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் ஒரு பணிக்கெனக் காப்பீட்டில் குறித்துள்ள உச்ச மதிப்பையோ காலத்தையோ மீறும் வேலை தானாக உள்ளே வராது. புதுப்பிக்காமல் விட்டால் பாதியில் நிற்கும் பணிகளின் நிலை என்ன என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

தொழிலாளர் காயத்துக்கு இரண்டிலுமே பொதுவாகத் தனிக் காப்பீடு தேவை. பிழையான வேலையைத் திருத்தும் செலவும் பெரும்பாலும் ஒப்பந்ததாரருடையதே.