லைவ் எய்ட் டிவிடி: 1985 ஜூலை 13, நான்கு டிஸ்க்கில்

ஒரே நாளில் நடந்ததைப் பார்த்து முடிக்க எனக்கு மூன்று ராத்திரி ஆனது. நான்கு டிஸ்க், ஏறக்குறைய பத்து மணி நேரம். 2004 நவம்பரில் வந்த தொகுப்பு இது, நான் வாங்கியது போன மாதம்தான், பழைய சிடி விற்கும் ஒருவரிடம். அட்டை மூலையில் கொஞ்சம் கிழிசல், டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒரு விஷயத்தில் மனசு ஆறவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

தெரியாதவர்களுக்கு: 1984இல் எத்தியோப்பியாவில் கடும் பஞ்சம். பிபிசி செய்தியில் அதைப் பார்த்துவிட்டு பாடகர் பாப் கெல்டாஃப், இன்னொரு பாடகர் மிட்ஜ் யூரோடு சேர்ந்து முதலில் ஒரு பாட்டு போட்டு நிதி திரட்டினார். அடுத்த வருஷம் லண்டன் வெம்ப்ளியிலும் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே சனிக்கிழமையில் 'லைவ் எய்ட்' என்ற கச்சேரி வைத்து, செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுக்கக் காட்டினார்கள். வெம்ப்ளியில் பகல் 12 மணிக்கு ஆரம்பம், நமக்கு மாலை 4:30. ஃபிலடெல்ஃபியாவில் கடைசிப் பாட்டு முடியும்போது நமக்கு மறுநாள் காலை எட்டரை. தொகுப்பு அந்தப் பிபிசி செய்தியில்தான் தொடங்குகிறது. தயவுசெய்து அதை ஓட்டிவிடாதீர்கள். அந்த முகங்களைப் பார்த்த பிறகு ஸ்டேட்டஸ் குவோ இசைக்குழு வந்து முதல் பாட்டை எடுக்கும்போதுதான், இவ்வளவு பேர் வெயிலில் எதற்காக நிற்கிறார்கள் என்பது மனதில் நிற்கும்.

குயின் இசைக்குழுவைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், இருந்தாலும் சொல்கிறேன். மொத்தம் 21 நிமிடம். பியானோ மேல் பெப்ஸி பேப்பர் கப்புகள் வரிசையாக இருக்கின்றன, யாரும் எடுத்து வைக்கவில்லை, பாடகர் ஃப்ரெடி மெர்குரி வந்து உட்கார்ந்து அப்படியே வாசிக்க ஆரம்பிக்கிறார். வெள்ளை பனியன், கையில் பாதி ஸ்டாண்டோடு மைக். 'ரேடியோ காகா'வில் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்புகிறது: எழுபதாயிரம் பேர் தலைக்கு மேல் கையைத் தூக்கி ஒரே நேரத்தில் இரண்டு தட்டு தட்டுகிறார்கள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்புறம் அந்த 'ஏ...ஓ', அவர் ஒரு இழுப்பு இழுக்க, மைதானம் அதே இழுப்பைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த இடத்தை நாலு தடவை பார்த்துவிட்டேன்.

என் தேர்வு கேட்டால் யூ2 இசைக்குழு. 'பேட்' என்ற ஒரு பாட்டு மட்டும் பன்னிரண்டு நிமிடம் போகிறது. பாடகர் போனோ பாட்டுக்கு நடுவில் மேடையை விட்டு இறங்கிவிடுகிறார், கீழே குதித்து, கூட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை அணைத்து மெதுவாக ஆடுகிறார். மேடையில் மற்ற மூன்று பேரும் அதே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள், ஆளைக் காணோம். இதில் நேரம் போய், அவர்களுடைய பெரிய ஹிட் பாட்டைப் பாடவே முடியவில்லை, எல்லாம் கெட்டது என்றுதான் நினைத்தார்களாம். அந்த இசைக்குழுவை உலகம் திரும்பிப் பார்த்தது அந்தப் பன்னிரண்டு நிமிடத்தால்தான். டேவிட் போயி தன் பாட்டு ஒன்றை விட்டுக்கொடுத்து அந்த நேரத்தில் பஞ்சத்தின் காட்சிகளைக் காட்டச் சொன்னதும் இதே நாளில்தான். ஃபில் காலின்ஸ் லண்டனில் பாடிவிட்டு கான்கார்ட் அதிவேக விமானம் ஏறி ஃபிலடெல்ஃபியா போய் அங்கேயும் பாடினார். நல்ல கதை, கேட்கச் சுமார்தான்.

சரி, மனசு ஆறாத விஷயம். ராத்திரி பால் மெக்கார்ட்னி பியானோவில் உட்கார்ந்து 'லெட் இட் பி' எடுத்தபோது மைக் வேலை செய்யவில்லை. முதல் இரண்டு நிமிடம் மைதானத்துக்கும் சரியாகக் கேட்கவில்லை, டிவி பார்த்தவர்களுக்கும் சரியாகக் கேட்கவில்லை. இந்தத் தொகுப்பில் அந்தக் கோளாறே இல்லை! மறுநாள் ஸ்டுடியோவில் அவர் பாடி வைத்திருந்த குரலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். உதடும் குரலும் சேர்ந்துதான் இருக்கிறது, வேலை சுத்தம். ஆனால் அது ஜூலை 14இன் குரல். திரும்பச் செய்ய முடியாத ஒரு நாளைப் பார்க்கத்தானே இதை வாங்குகிறோம், பிசகியதையும் அப்படியே கொடுத்திருக்க வேண்டாமா? குறைந்தபட்சம் பழைய ஒலியைத் தனியாகக் கேட்க ஒரு வழி வைத்திருக்கலாம்.

லெட் செப்பலின் இசைக்குழு இதில் கிடையாது, அன்று சரியாக வாசிக்கவில்லை என்று அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். தி ஹூ இசைக்குழு பாடும்போது ஒளிபரப்பு அறுந்துபோன அந்தப் பாட்டும் இல்லை. ஃபிலடெல்ஃபியா பகுதியில் இன்னும் நிறைய வெட்டு. படம் 1985 டிவி படம்தான், பெரிய திரையில் மங்கலாகத் தெரியும். ஒலி பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே இருக்கிறது.

புதிதாக வாங்கினால் பணம் பஞ்ச நிவாரணத்துக்கான பேண்ட் எய்ட் அறக்கட்டளைக்குப் போகிறது, என்னைப் போலப் பழையது வாங்கினால் போகாது, அதனால் புதியது கிடைத்தால் அதையே வாங்குங்கள். வரும் ஜூலை 13 மாலை 4:30க்கு முதல் டிஸ்க்கைப் போடப் போகிறேன். அன்று குயின் மேடை ஏறியபோது நமக்கு இரவு 11:11. பதினாறு மணி நேரம் இங்கே பத்தாகக் குறைந்திருப்பதால் நடுவில் அங்கங்கே நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும், கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.