கோவை சிறை அங்காடி: போர்வை அருமை, கூலி எவ்வளவுங்க?

நஞ்சப்பா ரோட்டில் மத்திய சிறையை ஒட்டி இருக்கிற சிறை அங்காடியில் போன மாதம் இரண்டு போர்வையும் நாலு துண்டும் எடுத்தேன். கைதிகள் செய்து, ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் விற்கிற சரக்கு.

இருபது வருஷமாகத் தையல் மிஷின்தான் எனக்குச் சோறு போடுகிறது. துணி கைக்கு வந்தால் முதலில் ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பேன். இந்தப் போர்வையில் இரட்டை மடிப்பு, நெருக்கமான தையல். முடிகிற இடத்தில் ஓர் அங்குலம் பின்னால் ஓட்டிக் கெட்டி பண்ணியிருக்கிறார்கள். அவசரத்தில் தைக்கிறவர்கள் முதலில் விடுவது அதைத்தான். மூன்று தடவை அலசியாச்சு, சாயம் போகவில்லை, மூலை சுருங்கவில்லை.

“யாரு தைச்சதுங்க?” என்று அங்காடியில் இருந்தவரிடம் கேட்டேன்.

“உள்ளே நம்ம ஆளுங்கதானுங்க அக்கா.” சொன்னவர் முகம் மலர்ந்துவிட்டது.

எனக்கு அடுத்துக் கேட்கத் தோன்றியது கூலி. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் உடைந்த ஊசிக்குக்கூடப் பீஸ் ரேட்டில், அதாவது துணிக்கு இவ்வளவு என்று தரும் கூலியில், பிடித்தார்கள். அந்தக் கணக்கு இன்னும் மனசில் இருக்கிறது.

வ.உ.சி. செக்கிழுத்தது இதே கோவைச் சிறையில். அன்று அது வதை. இன்று கடுங்காவல் தண்டனை பெற்றவரிடம் வேலை வாங்கலாம், ஆனால் நியாயமான கூலி தந்தாக வேண்டும் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாப்பாடு, துணிமணிச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அந்தக் கூலியில் ஒரு பங்கு ஒதுக்கச் சட்டம் செய்யுங்கள் என்றும் சொன்னது. அந்தப் பங்கு எனக்குச் சரியாகவே படுகிறது. அரசியலமைப்புச் சட்டப்படி சிறை மாநில அரசின் பொறுப்பில் (மாநிலப் பட்டியலில்) வருவதால், எவ்வளவு கூலி, அதில் எவ்வளவு பிடித்தம் என்று தீர்மானிப்பது அந்தந்த மாநிலம்தான்.

சாதி பார்த்துச் சிறையில் வேலை பிரிக்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் வந்த தீர்ப்பைப் படித்தபோது, இத்தனை காலம் கூட்டிப் பெருக்கியவர்கள் யார் என்று நினைத்து அன்று தூக்கமே வரவில்லை.

பில்லில் துணியின் விலை இருக்கிறது. அதோடு தைத்தவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு வரி அச்சடித்துக் கொடுங்கள். இன்னும் பத்து ரூபாய் கூட்டினாலும் சந்தோஷமாகத் தருவேன். அடுத்த வாரம் தலையணை உறை எடுக்கப் போகும்போது இதை எழுதியே கொடுத்துவிட்டு வரப்போகிறேன்.