கறுப்பு பெயின்ட்டுக்கு அடியில் பட்டி: ஹாட் ராட் சேஸிஸ் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டு கராஜிலேயே ஹாட் ராட் (பழைய மாதிரிக் காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டும் வண்டி) கட்டத் திட்டமிட்டு, அதற்கான சேஸிஸை, அதாவது எஞ்சினையும் பாடியையும் தாங்கும் இரும்புச் சட்டத்தை, முழுமையாக வண்ணம் பூசிய நிலையில் வெளி மாநிலப் பட்டறையிலிருந்து வரவழைக்க நினைப்பவர்கள், மீதிப் பணத்தை அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். பட்டறையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. இதே முறையில் வியாபாரம் செய்யும் இடம் அது ஒன்று மட்டும் அல்ல என்பதால், பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதே பயன்படும்.

நான் கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். எங்களோடு இருக்கும் என் மாமனார், கோயம்புத்தூரில் பம்ப்செட் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்து, வெல்டிங் பிரிவின் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். இருவரும் சேர்ந்து 1932 ஃபோர்டு மாதிரியில் ஒரு வண்டி கட்டலாம் என்று முடிவு செய்தோம். அந்த ஆண்டில்தான் ஃபோர்டு நிறுவனம் 221 கன அங்குல வி8 எஞ்சினைச் சாமானியர் வாங்கும் விலையில் கொண்டுவந்தது. 65 குதிரைத்திறன்தான் என்றாலும் வண்டியின் எடை குறைவு. தெற்குக் கலிஃபோர்னிய இளைஞர்கள் அதன் மட்கார்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். இன்றும் இந்தத் துறையில் அந்த மாதிரிக்கு உள்ள மவுசு வேறு எதற்கும் இல்லை. அசல் சேஸிஸ் நல்ல நிலையில் கிடைப்பது அரிது. ஆகவே பெரும்பாலானோர் புதிதாக வார்ப்புருவில் வைத்துப் பற்றவைத்த, 106 அங்குல வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) கொண்ட நகல் சேஸிஸையே வாங்குகிறார்கள்.

நாங்கள் ஆர்டர் கொடுத்த பட்டறையின் விளம்பரம், சேஸிஸ் முழுவதும் மிக் வெல்டிங் (வாயுப் பாதுகாப்பில் கம்பியை உருக்கிப் பற்றவைக்கும் முறை) செய்யப்பட்டு, கறுப்பு பவுடர் கோட்டிங் பூசப்பட்டு, நேராக எஞ்சினை இறக்கி வைக்கும் நிலையில் வரும் என்றது. முன்பணத்தைக் கடன் அட்டையில் செலுத்தினோம். மீதியை வங்கி வயர் மூலம் அனுப்பினால் அட்டைக் கட்டணம் மிச்சமாகும் என்று சொல்லி, விலையில் ஒரு சிறிய தள்ளுபடியும் கொடுத்தார்கள். அந்தத் தள்ளுபடி எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பது பின்னர் நன்றாகவே விளங்கியது. பற்றவைத்த நிலையில், வண்ணம் பூசுவதற்கு முன் படங்கள் அனுப்புமாறு கேட்டபோதெல்லாம், அடுத்த வாரம் என்று பதில் வந்தது. கடைசியில் வந்தது பளபளக்கும் கறுப்புச் சேஸிஸின் படம்தான்.

லாரியிலிருந்து இறக்கிய அன்றே மாமனார் அதை நான்கு தாங்கிகளின் மேல் சமமட்டம் பார்த்து வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்தார். இரு குறுக்களவுகளுக்கும் இடையே கால் அங்குலத்துக்கும் மேல் வேறுபாடு இருந்தது. இது முதல் சந்தேகம். அடுத்து, முன் குறுக்குச் சட்டம் பக்கச் சட்டத்தோடு சேரும் மூலையை விரலால் தடவிப் பார்த்தவர், வெல்டிங் முடிச்சு எங்கே என்று கேட்டார். முழுவதும் வழுவழுப்பாக இருந்தது. ஒரு சிறிய காந்தத்தை அந்த மூலையில் வைத்தோம். பக்கத்தில் கவ்விப் பிடித்த காந்தம், அந்த இடத்தில் மட்டும் பிடிக்காமல் வழுக்கி விழுந்தது.

பிறகு துணியில் தின்னரைத் தோய்த்துத் தேய்த்தோம். மின்னேற்றிய உலர் தூளைத் தெளித்து, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பில் வைத்து உருக்குவதுதான் பவுடர் கோட்டிங். முறையாகச் சுட்டெடுத்த பூச்சு, தின்னர் துணிக்கு அவ்வளவு எளிதில் கரைந்து வராது. எங்கள் துணியோ சில நொடிகளில் மை தோய்ந்ததுபோல் கறுத்துவிட்டது. கறுப்புக்கு அடியில் ரோஸ் நிறத்தில் பட்டி தெரிந்தது. நம் ஊர் டிங்கரிங் கடையில் கதவு நசுங்கலுக்குப் பூசுவார்களே, அதே வகை. சாதாரணப் பட்டி அடுப்புச் சூட்டைத் தாங்காமல் கொப்புளித்துவிடும் என்பதால், இந்தச் சேஸிஸ் அடுப்பின் பக்கமே போகவில்லை என்பதற்கு அந்தப் பட்டியே சாட்சி.

பட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு மாமனார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மாப்பிள்ளை, இது ஒட்டியிருக்குதுங்க, உருகலைங்க" என்றார். அதாவது, வெல்டிங் உலோகம் மேலே படிந்திருக்கிறதே தவிர, கீழேயுள்ள தகட்டோடு ஒன்றாக உருகிச் சேரவில்லை. மின்னோட்டத்தைக் குறைவாக வைத்து வேகமாக இழுத்தால் இப்படித்தான் ஆகும். போதாததற்கு, மேடாக நின்ற கொஞ்சநஞ்ச உலோகத்தையும் அழகுக்காகக் கிரைண்டரால் தேய்த்து மட்டமாக்கியிருந்தார்கள். சாயமிட்டு விரிசல் பார்க்கும் ஸ்பிரே வாங்கி வந்து, சிவப்புச் சாயத்தை அடித்து ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பூச்சை மேலே தெளித்தபோது, மூலையின் அடிப்பக்கம் முழுவதும் மெல்லிய சிவப்புக் கோடு எழுந்து வந்தது.

இது அழகுக் குறை அல்ல என்பதைப் புதிதாக இத்துறைக்கு வருபவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கால ஃபோர்டு அமைப்பில், வண்டியின் முன்பாதிச் சுமை முழுவதையும் குறுக்கே கிடக்கும் ஒரே ஒரு பட்டைவில் தாங்குகிறது. அந்த வில் பிணைக்கப்பட்டிருப்பது முன் குறுக்குச் சட்டத்தில். அசல் 65 குதிரைத்திறனுக்குப் பதிலாக அதைப் போல நான்கைந்து மடங்கு திறனுள்ள செவர்லே 350 எஞ்சினை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்லும்போது அந்த மூலை விட்டால், முன் அச்சு தன் இடத்தில் நிற்காது.

பட்டறையின் பதில்கள் வரிசையாக வந்தன. முதலில், ஓடாத சேஸிஸில் விரிசல் வராது, இறக்கும்போது அடிபட்டிருக்கும் என்றார்கள். படங்களை அனுப்பியதும், வாடிக்கையாளர் வண்ணத்தைச் சுரண்டியதால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். சுரண்டினால்தான் குறை தெரியும், சுரண்டிவிட்டால் உத்தரவாதம் இல்லை! அதற்குப் பிறகு, உரிமையாளர் ஊரில் இல்லை என்று நாள் கடத்தினார்கள். இந்தக் காலதாமதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒப்புக்கொண்டபடி பொருள் வரவில்லை என்று கடன் அட்டை நிறுவனத்திடம் எழுத்துமூலம் முறையிட, அந்தத் தொகை இடம்பெற்ற முதல் கணக்கறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள்களே அமெரிக்கச் சட்டம் தருகிறது. ஆர்டரைச் சில மாதங்கள் இழுத்தடித்தாலே அந்தக் கெடு முடிந்துவிடும். எங்கள் அட்டை நிறுவனம், சாயப் பரிசோதனைப் படங்களையும் விளம்பர வாசகத்தையும் பார்த்துவிட்டுத் தானாகவே முன்பணத்தைத் திருப்பித் தந்தது. வயரில் போன பெரும்பகுதி போனதுதான். கலிஃபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை சிறு வழக்கு மன்றத்தில் கோரலாம் என்றாலும், வெளி மாநிலத்தில் மட்டுமே இயங்கும் கடையை அங்கே இழுப்பது பொதுவாக இயலாது. அவர்கள் ஊருக்கே போய்த்தான் வழக்காட வேண்டும்.

இன்னொரு வலையும் உண்டு. எங்களுக்கு வந்த ரசீதில் "உதிரிப் பாகங்கள்" என்று ஒரே வரிதான் இருந்தது. வீட்டில் கட்டிய வண்டியைப் பதிவு செய்யும்போது சேஸிஸ், எஞ்சின், பாடி ஆகியவற்றுக்கு உரிமையைக் காட்டும் ரசீதுகளை மோட்டார் வாகனத் துறை கேட்கும். திருட்டுப் பொருள் அல்ல என்று காவல் துறையும் சரிபார்க்கும். சேஸிஸ் என்ற சொல்லே இல்லாத ரசீதை வைத்துக்கொண்டு அங்கே நிற்க முடியாது. திருத்திய ரசீது தர அந்தப் பட்டறை இன்றுவரை சம்மதிக்கவில்லை.

எங்கள் ஊர்ச் சான்று பெற்ற வெல்டர் ஒருவரிடம் கொடுத்து, முன் குறுக்குச் சட்டத்தை அறுத்தெடுத்துப் புதிதாகப் பற்றவைத்திருக்கிறோம். மற்ற இணைப்புகளை ஒவ்வொன்றாக மாமனார் சாயமிட்டுப் பார்த்து வருகிறார். அந்தப் பட்டறை அதே கறுப்புச் சேஸிஸின் படத்தைப் போட்டு இப்போதும் விளம்பரம் செய்கிறது. அவர்களிடமோ அவர்களைப் போன்றவர்களிடமோ பேசிக்கொண்டிருப்பவர்கள், வண்ணம் பூசாத வெறும் இரும்பாகவே சேஸிஸை அனுப்பும்படி கேளுங்கள். விலையும் குறையும். மறுத்தால் வயரில் ஒரு டாலரும் அனுப்பாதீர்கள்.