25 கெஜமா, 50 மீட்டரா?

18 வயது நிரம்பியவர்களுக்கான அமெரிக்க மாஸ்டர்ஸ் நீச்சலின் முதல் தேசியப் போட்டி 1970இல் டெக்சாஸின் அமரில்லோவில் நடந்தது. இப்போது வசந்த காலப் போட்டி 25 கெஜக் குளத்திலும், கோடைப் போட்டி 50 மீட்டர் குளத்திலும் நடைபெறுகின்றன.

வேறுபாடு நீளத்தோடு முடிவதில்லை. 25 கெஜம் என்பது 22.86 மீட்டர்தான்; 100 கெஜப் பந்தயத்தில் மூன்று முறை திரும்ப வேண்டும், 100 மீட்டரிலோ ஒரே முறை. இரு கைகளையும் ஒருசேர வீசி நீந்தும் பட்டர்ஃபிளையில் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னும் 15 மீட்டர் வரை நீருக்கடியில் செல்லலாம் என்பதால், சுவரை நன்றாக உதைத்துக் கிளம்பத் தெரிந்தவர் கெஜக் குளத்தின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கை வீசாமலே கடந்துவிடுவார். நீண்ட குளத்தில் அந்தச் சலுகை சுருங்கிவிடுகிறது. 35 மீட்டரைத் தாண்டும்போது தோள்கள் கனத்து, கைகள் நீரை விட்டு மேலெழ மறுக்கும் நிலையிலும் சுவர் தொலைவிலேயே நிற்கும். நான்கு நீச்சல் முறைகளையும் ஒருவரே அடுத்தடுத்து நீந்தும் தனிநபர் மெட்லியை 100 தூரத்தில் நீந்த வேண்டுமென்றால் நீளம் குறைந்த குளம்தான் வழி.

வயதுக் கணக்கும் கவனிக்கத்தக்கது. கெஜப் போட்டியில் போட்டியின் கடைசி நாளன்று உள்ள வயதும், மீட்டர் போட்டியில் டிசம்பர் 31 அன்று எட்டும் வயதும் கொள்ளப்படுகின்றன. ஆகவே அக்டோபரில் 50ஐத் தொடுபவர் வசந்தத்தில் 45–49 பிரிவின் மூத்தவராகத் தவித்து, கோடையில் 50–54 பிரிவின் இளையவராகிவிடுகிறார். இந்த ஒன்றுக்காகவே அவர் கோடைக்குக் காத்திருக்கலாம் என்பேன். திருப்பத்தை நம்பிப் பயிற்சி செய்தவர் மட்டும் வசந்தத்தை விடக்கூடாது.