மேக்னெட்டோ பாயிண்ட்: பிளாட்டினமா, டங்ஸ்டனா?

பழைய கார் ஒன்றின் மேக்னெட்டோவைப் பிரித்தேன். பேட்டரி இல்லாமல், காந்தத்தின் உதவியால் எஞ்சினுக்குப் பொறி தரும் கருவி அது. அதற்குள் தொட்டும் பிரிந்தும் கரண்ட்டை விட்டு நிறுத்தும் இரண்டு உலோக முனைகள்தான் பாயிண்ட். பிளாட்டினம் பாயிண்ட் இரண்டும் காகிதக் கனத்துக்குத் தேய்ந்திருந்தன. மறுபடி பிளாட்டினமே வைப்பதா, டங்ஸ்டனுக்கு மாறுவதா என்று ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு, கடைசியில் டங்ஸ்டன்தான் வைத்தேன்.

வெள்ளியையும் சிலர் சொன்னார்கள். மின்சாரம் கடத்துவதில் அதை அடிக்க உலோகம் இல்லை. ஆனால் 962 டிகிரியில் உருகிவிடும்; பாயிண்ட் பிரியும்போதெல்லாம் பொறி கிளம்பும் இடத்துக்கு அது ஆகாது.

பிளாட்டினத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. துருப்பிடிக்காது, கறுக்காது. மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்த வண்டியிலும் பாயிண்ட் தொட்டால் கரண்ட் போகும். இரிடியம் சேர்த்தால் கடினமும் கூடும். ஆரம்பகால மேக்னெட்டோக்களில் அதைப் போட்டது இதற்காகத்தான், பகட்டுக்கு அல்ல. இடித்தது விலை. அன்றைக்குப் பிளாட்டினத்தில் பெரும்பங்கு ரஷ்யாவின் உரால் பகுதியிலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் அந்த வரத்தும் தட்டுப்பட்டது.

டங்ஸ்டன் பாயிண்ட்டுக்கு வந்தது பல்பு வழியாக. தொட்டால் நொறுங்கும் அந்த உலோகத்தைக் கம்பியாக இழுக்கும்படி பக்குவப்படுத்தியவர் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த வில்லியம் கூலிட்ஜ். 1910 வாக்கில், விளக்கு இழைக்காக. உருகுநிலை 3,422 டிகிரி. பிளாட்டினத்துக்கு 1,768தான்.

என்னை மாற்றியது இந்தக் கணக்கு அல்ல, அரம். பேட்டரியிலிருந்து பொறி எடுக்கும் பேட்டரி இக்னிஷனில் கரண்ட் ஒரே திசையில் ஓடுவதால், ஒரு பாயிண்ட்டில் குழி விழும், எதிர்ப்பக்கம் அந்த உலோகம் மேடாக ஒட்டும். மேக்னெட்டோவில் திசை மாறி மாறி வருவதால் இந்தத் தொல்லை குறைவு. இருந்தாலும் பொறி பட்டுச் சொரசொரப்பாகும். பிளாட்டினம் மென்மையானது, சமப்படுத்த அரம் போட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் காசு உதிர்கிறது. என்னுடையதைத் தின்றது பொறியைவிட, முந்தைய மெக்கானிக்குகளின் அரம்தான் என்பது என் சந்தேகம். டங்ஸ்டனில் சாதாரண அரம் வழுக்கிக்கொண்டு போகும், எண்ணெய்க் கல்லில்தான் தேய்க்க வேண்டும். இரண்டு வருஷத்தில் பாயிண்ட் இடைவெளியை 0.4 மி.மீ.க்கு ஒரே ஒரு தடவைதான் திருத்தினேன்.

அதற்கும் ஒரு முரண்டு உண்டு. டங்ஸ்டன் மேல் ஆக்சைடு படியும். மழைக்காலம் முழுக்க நிறுத்திவைத்துவிட்டுக் கிளப்பினேன். கை வலிக்கச் சுற்றியும் பொறி இல்லை. பாயிண்ட்டில் நீலம் பாய்ந்திருந்தது. கல்லில் நாலு தேய்ப்பு, பெட்ரோல் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, கிளம்பிவிட்டது. பளபளக்காத சாம்பல் நிறம் அதன் இயல்பு. அதைப் பார்த்துப் பதறித் தேய்க்க வேண்டாம்.

ஒரே வண்டியில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கண்காட்சிக்கு மட்டும் வெளியே எடுக்கும் வண்டி என்றால் நானே பிளாட்டினம்தான் வைத்திருப்பேன். மாசத்துக்கு நாலு தடவையாவது ஓடுமென்றால் டங்ஸ்டன். கழற்றிய பிளாட்டினத் துணுக்குகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்னுடையவை தீப்பெட்டிக்குள் இருக்கின்றன, நல்ல விலை வரட்டும் என்று.